ஏழாம் ஓட்டைக்கு நாற்பத்து நான்கு சொட்டு

சென்ற மாதம் எங்கள் தீவுக்கு எதிரே பெருநிலத்தில் ஒரு தொழிற்பயிற்சி மையத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அறிமுகம் செய்த ஆசிரியை, "படகுப் பட்டறையில் ஒன்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர்" என்று சொன்னதும் மாணவர்கள் நரைத்த தலை ஒன்றைத் தேடி வாசல் பக்கம் திரும்பினார்கள். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த நான் எழுந்தேன். எனக்கு வயது முப்பத்து நான்கு.

ஓய்வு என்ற சொல் எனக்கும் பழகவில்லை. மணிக்கட்டில் நரம்பு நசுங்கி, வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போயின. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பாதிதான் திரும்பியது. வெல்டிங் டார்ச்சைப் பிடித்தால், பிடித்திருக்கிறேனா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கையை நம்பி ஒரு படகில் யாரையும் ஏற்றக் கூடாது என்று நானே விலகிக்கொண்டேன். இப்போது வெல்டிங் கம்பியும் வாயு உருளையும் விற்கும் ஒரு கடையில் கணினி முன் உட்காருகிறேன். ஒரு நாளில் பத்துத் தடவையாவது எழுந்து நடக்கிறேன். என்னால் உட்கார முடியாது.

பேச்சு முடிந்ததும் ஒரு மாணவி கையைத் தூக்கினாள். "சார், கசிவு சோதிக்கிறப்ப ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு நிமிஷம் முழுசா சொட்டு எண்ணணும்னு சொன்னீங்க. பதினஞ்சு செகண்ட் எண்ணி நாலால பெருக்கினா போதாதா?"

நான் மழுப்பினேன். "விதி அப்படிம்மா" என்றேன். அவள் எழுதிக்கொள்ளவில்லை. நல்ல கேள்விக்குச் சோம்பேறிப் பதில் வந்தால் நானும் எழுதிக்கொள்ள மாட்டேன். தீவில் நான் இருக்கும் ஆயர் ஈத்தாமுக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அதே கேள்வியை நான் வேலையில் சேர்ந்த மூன்றாம் வருடத்தில் கேட்டிருந்தேன். கேட்டது மட்டுமல்ல, யாருக்கும் தெரியாமல் அப்படியே செய்தும் வந்தேன். அவளுக்கான பதில் இதோ. கொஞ்சம் நீளம்.

பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளமா. அதன் பிறகு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பதினொரு மாதம் கண்ணாடிக்குப் பின்னால் நகரும் கணினிச் சில்லுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் போனவன் திரும்பவில்லை. கடலோரப் பட்டறை ஒன்றில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே போய் நின்றேன். தவுக்கே, அதாவது முதலாளி, ஒரு சீனர்; அலுவலக அறையை விட்டு அதிகம் வெளியே வர மாட்டார். பட்டறையை நடத்தியது ஃபோர்மன் பத்மா அக்கா. அலுமினியப் படகுகள்தான் எங்கள் வேலை: மீன்பிடிப் படகு, போலீஸ் படகு, மிதவை, எது வந்தாலும்.

பத்மா அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, பையில் ஒரு சாக்பீஸ். பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பி ஓ, பால் சேர்க்காத கோப்பி, எப்போதும் அவர் மேசைப் பக்கத்து ஆணியில் தொங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரே ஒரு உறிஞ்சு. அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசி அதுவரை நான் பார்த்ததில்லை. படகைப் பார்த்துத்தான் பேசுவார். அவரிடம் இரண்டு கட்டளைகள் இருந்தன. வேலை முடிந்தது என்று யாராவது சொன்னால், "காட்டு." காட்டியது பிடிக்கவில்லை என்றால், "வெட்டு."

முதல் வருடத்தில், அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்திருந்த சிவப்புப் பிடி போட்ட பிரஷ் கிடைக்காமல், இரும்பு கேட்டைத் தேய்த்த பிரஷ்ஷால் ஒரு படகின் தட்டைத் தேய்த்து வெல்ட் வைத்தேன். பார்க்கப் பிரமாதமாக இருந்தது. மூன்று வாரத்தில் அந்தக் கோட்டின் ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள் வந்தன. இரும்புத் துகள் அலுமினியத்தில் ஒட்டிக்கொண்டு அரிக்கத் தொடங்கியிருந்தது. அக்கா விரலால் தடவிப் பார்த்தார். "வெட்டு" என்றார். நாலடி நீளம் என் கையாலேயே வெட்டினேன். திட்டு ஒன்றும் விழவில்லை. அன்று முதல் எனக்கு அவர் வைத்த பெயர் 'டிப்ளமா'.

இனி சரோஜா அக்காவின் படகு.

சுங்கை பாக்காப்பிலிருந்து தம்பியின் லாரியில் ஏற்றி வந்தார். பதினாலு அடி நீளம், ரிவெட் அடித்த பழைய அலுமினியப் படகு. உள்ளே காய்ந்த இலை, பின்பலகை மரம் விரல் வைத்தால் உள்ளே போகும் அளவுக்கு இற்றிருந்தது. சரோஜா அக்கா ஒரு பள்ளிக்கூட கேண்டீனில் சமையல். ஐம்பத்தைந்து வயதிருக்கும், குள்ளம், குரல் மட்டும் பெரியது.

"இதை ஏரியில விடணும்" என்றார். "எங்க எஸ்டேட் ஓரத்துல பெரிய தாசேக் இருக்கு. கரையில உக்காந்து தூண்டில் போட்டா சுண்டுவிரல் அளவுலதான் வருது. பெருசெல்லாம் நடுவுல நின்னுக்கிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்குதுங்க."

"கடலுக்குப் போன படகாக்கா இது?" என்றேன். அடியில் பழைய சிப்பித் தடம் தெரிந்தது.

"ஆமா. எங்க வீட்டுக்காரரோடது. பாலிக் புலாவ் பக்கம் போய்ப் பிடிப்பாரு." உள்ளே கிடந்த காய்ந்த இலை ஒன்றை எடுத்து வெளியே போட்டார். "நாலு வருஷத்துக்கு முன்னாடி மத்தியானம் ஒரு மணிக்குப் போனாரு. சாயந்தரம் ஆறு மணிக்கு வேற ஆளுங்க படகை இழுத்துட்டு வந்தாங்க, நிறையத் தண்ணியோட. அவரு ரெண்டு நாள் கழிச்சுக் கரை ஒதுங்கினாரு."

நான் படகைச் சுற்றி நடந்தேன்.

"காத்துன்னு சொன்னாங்க" என்றார். "அன்னிக்குப் பெரிய காத்துதான். இது அப்பறம் என் நாத்தனார் வீட்டு ரம்புத்தான் மரத்தடியில கிடந்துச்சு. அவரு ஆசையா வாங்கினது, சும்மா கிடந்து செத்துடக் கூடாதுலா."

பத்மா அக்கா படகின் விளிம்பில் கை வைத்தபடி, "நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் தெரியாது."

"அப்ப நல்லாச் செய்யணும்" என்று படகிடம் சொன்னார்.

பழைய படகு வந்தால் முதலில் எதையும் கழற்றக் கூடாது, தேய்க்கக் கூடாது என்பது எங்கள் பட்டறை முறை. வந்த கோலத்திலேயே இரண்டு மரத்தாங்கிகளில் ஏற்றி, உள்ளே விளிம்புவரை தண்ணீர் நிரப்புவோம். பிறகு கீழே படுத்துக்கொண்டு மேலே பார்ப்போம். எங்கே சொட்டுகிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம், வட்டத்துக்குள் எண். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணி, தாளில் எழுத வேண்டும். தாளில் ஐந்து பத்திகள்: எண், இடம், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு, காரணம், செய்தது என்ன. காரணப் பத்தி காலியாக இருந்தால் பத்மா அக்கா தாளைக் கையில் வாங்க மாட்டார். வேலை முடிந்ததும் அதன் நகல் படகுக்காரருக்குப் போகும்.

சரோஜா அக்காவின் படகில் பத்தொன்பது வட்டங்கள் விழுந்தன. பத்தொன்பது நிமிடம் மல்லாந்து படுத்து, கண்ணில் தண்ணீர் விழ, சொட்டு எண்ணுவது என் சுபாவத்துக்கு ஆகாது. பதினைந்து விநாடி எண்ணினேன், நாலால் பெருக்கினேன். எப்படியும் எல்லாவற்றையும் அடைக்கத்தானே போகிறோம்? ஏழாம் ஓட்டை நடு இருக்கைக்குக் கீழே, படகின் முதுகெலும்பை ஒட்டி இருந்தது. பதினைந்து விநாடியில் பதினொன்று. நாற்பத்து நான்கு என்று எழுதினேன்.

மறுநாள் தண்ணீரை வடித்துவிட்டு உள்ளே கழற்றத் தொடங்கினேன். இருக்கைகளுக்கு அடியிலிருந்த நுரைக்கட்டைகள் ஊறி, கல் கனம் கனத்தன. நடு இருக்கையை எடுத்ததும் அடித்தட்டில் பச்சை பூத்த ஒன்று தெரிந்தது. உள்ளங்கை அளவு செப்புத் தகடு. கோடும் கட்டமும் எழுத்துமாகக் கீறியிருந்தது. கோயிலில் மந்திரித்துக் கொடுக்கும் தகடு. கடையில் கல்லாவுக்கு மேலே, வீட்டில் வாசல்படிக்கு மேலே அடித்திருப்பார்களே, அது. நான்கு மூலையிலும் ரிவெட்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பக்தியால் அல்ல. செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் கிடந்தால், அலுமினியம் கரையும். இதை டிப்ளமாவில் ஒரு முழு அத்தியாயம் படித்துப் பரீட்சை எழுதியவன் நான். இங்கே அந்த அத்தியாயமே என் முன்னால் படுத்திருந்தது. ரிவெட்டை அறுத்துத் தகட்டைத் தூக்கினேன். அதனடியில் கோதுமை மாவு போல வெள்ளைப் பொடி. ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். பொடியோடு சேர்ந்து முனை மறுபக்கம் போய்விட்டது. இன்னும் குத்திச் சுரண்டினேன்; கட்டைவிரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்தது. ஏழாம் ஓட்டை.

ஓடிப்போய்த் தாளில் எழுதினேன். காரணம்: செப்புத் தகடு. அலுமினியத்தை உள்ளிருந்து அரித்துவிட்டது. மலாயில், பெரிய எழுத்தில், அடிக்கோடிட்டு. வழக்கம்போலத் தாளைப் படகின் மூக்கில் கிளிப்பில் மாட்டினேன். அன்று முழுக்க நான் சீட்டி அடித்துக்கொண்டிருந்ததாக உடன் வேலை செய்தவர்கள் பின்னால் சொன்னார்கள்.

சனிக்கிழமை சரோஜா அக்கா ஒரு டப்பா நிறைய, கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப்போடு வந்தார். எல்லாருக்கும் கொடுத்தார். "டிப்ளமாவுக்கு ரெண்டு, மெலிஞ்சு கிடக்கான்" என்றார். என் பட்டப்பெயர் அதற்குள் அவருக்கும் எட்டியிருந்தது. நான் கை கழுவிக்கொண்டு திரும்பியபோது, அவர் படகின் மூக்கருகே நின்று தாளைப் படித்துக்கொண்டிருந்தார். விரல் வரிவரியாக இறங்கியது. ஏழில் நின்றது.

"தம்பி, இது எந்தத் தகடு?"

மேசைமேல் வைத்திருந்ததைக் காட்டினேன். அவர் எடுத்து முந்தானையால் துடைத்தார்.

"இது நான் குடுத்தது" என்றார். "அவரு போறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு தடவை இந்தப் படகு கவுந்துச்சு. தப்பிச்சு வந்தாரு. நான்தான் கோயில்ல சொல்லி வாங்கி, அடிச்சாத்தான் ஆச்சுன்னு நின்னேன். போட்டுல கண்ட எடத்துல ஓட்டை போடக் கூடாதுடின்னு சொன்னாரு. ரெண்டு நாள் நான் பேசல. மூணாம் நாள் அவரே அடிச்சாரு."

தாளை மறுபடி பார்த்தார். "இதாலயா?"

கழுவிய கையை நான் மறுபடி துணியில் துடைத்தேன்.

"டிப்ளமா, உன்னைத்தான் கேக்கறேன். அன்னிக்குத் தண்ணி ஏறுனது இது வழியாவா?"

பட்டறையில் அரைக்கும் சத்தம் நின்றது. பத்மா அக்கா எழுந்து வந்தார். தாளைக் கிளிப்பிலிருந்து எடுத்துப் பார்த்தார். முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"காரணம் எழுதிட்ட. எப்பன்னு எழுதலையே."

"எப்பன்னு எப்படிக்கா தெரியும்? அடிச்சு ரெண்டு வருஷம் கடல்ல ஓடியிருக்கு. அப்பறம் நாலு வருஷம் மழைத்தண்ணி தேங்கி மரத்தடியில. ரெண்டுல எப்ப வேணும்னாலும் விழுந்திருக்கலாம்."

"ஓட்டை எங்க? காட்டு."

காட்டினேன். கட்டைவிரல் நுழையும் வாய். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த அளவு ஓட்டை இருந்தால் படகு அரை மணியில் நிறையும். ஆனால் அந்த அளவை உண்டாக்கியது என் ஸ்க்ரூடிரைவர். சரோஜா அக்காவின் கேள்விக்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே பொருளை நான் சீட்டியடித்தபடி குத்திக் கிழித்திருந்தேன்.

மிச்சம் இருந்தது ஒரு எண். எதையும் கழற்றுவதற்கு முன், தகடு தன் இடத்தில் இருந்தபோது எடுத்த நாற்பத்து நான்கு.

"நிமிஷத்துக்கு நாப்பத்து நாலு சொட்டுன்னா, ஒரு மணி நேரத்துக்கு அரை கிளாஸுக்குக் கொஞ்சம் மேலதான்" என்றேன் அவசரமாக. "அஞ்சு மணி நேரத்துக்கு மூணு கிளாஸ். படகு மூழ்காதுக்கா. ஓட்டை நாளாக ஆகப் பெருசாகுமே தவிரச் சின்னதாகாது. அன்னிக்கு இதைவிடக் கம்மியாத்தான் இருந்திருக்கும்."

சரோஜா அக்காவின் தோள் கொஞ்சம் இறங்கியது. பத்மா அக்கா மட்டும் தாளிலிருந்து கண் எடுக்கவில்லை. சாக்பீஸால் பத்தியை மேலிருந்து கீழே தொட்டுக்கொண்டே போனார். எட்டு, இருபது, பன்னிரண்டு, அறுபத்து நான்கு, இருபத்தெட்டு...

"டிப்ளமா. பத்தொம்பது எண்ணும் நாலால வகுபடுது."

தாளை என் பக்கம் திருப்பினார்.

"எண்ணினியா, பெருக்கினியா?"

"பெருக்கினேன்கா."

"அவங்ககிட்ட சொல்லு."

சொன்னேன். பதினைந்து விநாடிதான் எண்ணினேன், மிச்சம் கணக்கு. சரோஜா அக்கா தகட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தேவலாம்.

"பதினஞ்சு செகண்டு" என்றார். "எனக்கு அது மட்டும்தான் இருக்கு, இல்ல?"

"ஆமாக்கா."

"அந்தப் பதினஞ்சு செகண்டாவது ஒழுங்கா எண்ணுனியா?"

"எண்ணினேன். பதினொண்ணு. அது சத்தியம்."

தகட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, "அஞ்சு மணி நேரம் அப்படிச் சொட்டினா எவ்வளவு வரும்னு எனக்குக் காட்டு" என்றார். "வாயால வேணாம்."

மறுநாள் ஞாயிறு. பட்டறைக்கு விடுமுறை. பத்மா அக்கா பூட்டைத் திறந்துவிட்டு, கோப்பியை ஆணியில் மாட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். நான் குழாயடியில் ஒரு காலி வாளியை வைத்து, குழாயை மெல்ல மெல்லத் திருகி, நிமிடத்துக்கு நாற்பத்து நான்கு சொட்டுக்குக் கொண்டுவந்தேன். இந்த முறை முழு நிமிடம் எண்ணினேன். நாற்பத்து ஆறு. திருகினேன். நாற்பத்து மூன்று. திருகினேன். நாற்பத்து நான்கு. மணி சரியாக ஒன்று.

சரோஜா அக்கா பெயிண்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு வாளிக்கு எதிரே உட்கார்ந்தார். குழாய் தானாகத் தளரும், இறுகும் என்பதால் கால் மணிக்கு ஒரு முறை நான் போய் ஒரு நிமிடம் எண்ணிச் சரிசெய்தேன். ஐந்து மணி நேரத்தில் இருபது தடவை. ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பதினைந்து விநாடியில் மனம் அங்கேயே இருக்கிறது. முப்பதில் வேறெங்கோ போய்விடுகிறது. நாற்பதில் திரும்பி வந்து, எண்ணிக்கை சரிதானா என்று பயப்படுகிறது. அந்தப் பயத்தோடு கடைசிச் சொட்டுவரை இருக்க வேண்டும். அது எந்தப் பெருக்கலிலும் வராது.

முதல் ஒரு மணி நேரம் சரோஜா அக்கா ஒவ்வொரு சொட்டையும் கண்ணால் தொடர்ந்தார். பிறகு, "சிவன் தலைக்கு மேல தாரா பாத்திரம் கட்டியிருப்பாங்களே, அந்த மாதிரியில்ல இருக்கு" என்றார். இன்னொரு முறை, "அவரு இப்ப என்னைப் பார்த்தா, கிறுக்கின்னு சொல்லுவாரு" என்றார். மூன்று மணி வாக்கில் மழை பெய்தது. தகரக் கூரையில் மழைச் சத்தம் சொட்டின் சத்தத்தை மூடியபோது, அவர் குனிந்து காதை வாளிக்கு அருகில் கொண்டுபோனார். பத்மா அக்கா எழுந்துபோய் அவர் பக்கத்தில் தன் கோப்பியை மாட்டிவிட்டு வந்தார். வேறு யாருக்கும் அவர் அதைக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஆறு மணிக்குக் குழாயை இறுக்கி அடைத்தேன். சரோஜா அக்கா பட்டறையின் தேநீர்க் கிளாஸை எடுத்து, வாளியிலிருந்து தானே ஊற்றி அளந்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவதில் அடிப்பாகம் நனைந்தது, அவ்வளவுதான். மூன்று கிளாஸ்களையும் படகின் விளிம்பில் வரிசையாக வைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்தார். பதினாலு அடிப் படகு.

"இதுக்கா?" என்றார். படகைக் கேட்டாரா, தகட்டைக் கேட்டாரா, தெரியவில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தம்பியின் லாரி வெளியே ஹாரன் அடிக்கும்வரை அப்படியே நின்றார்.

அவர் போன பிறகு எனக்கு மனம் லேசாக இருந்தது. பத்மா அக்கா கதவைப் பூட்டிக்கொண்டே கேட்டார்: "ஸ்க்ரூடிரைவரால குத்துறதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சு?"

"பொடிக்கா. வெள்ளைப் பொடி."

சொல்லி முடிக்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது. ஓட்டை சின்னதாகாது, ஆனால் அடைபடும். மரத்தடியில் கிடந்த நாலு வருடத்தில் பொடி சேர்ந்து அடைத்திருந்தால், நாங்கள் எண்ணியது அடைத்த ஓட்டையின் சொட்டு. அன்று கடலில் அது எவ்வளவு திறந்திருந்தது? அலையில் தட்டு அதிரும்போது பொடி உதிர்ந்திருக்குமா? அல்லது அன்று ஓட்டையே இல்லையா? எதுவும் சொல்ல முடியாது.

"இதை நேத்தே உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"இன்னிக்கு மழை பெய்யறப்பத் தோணுச்சு. அவங்க வாளியில காது வச்சுக்கிட்டிருந்தாங்க. எழுந்து சொல்ல எனக்குக் கால் வரல." சாவியைப் பையில் போட்டார். "காரணப் பத்தி உன்னோடது. நான் அதுல கை வைக்க மாட்டேன்."

மூன்று வாரம் அந்தப் படகில் வேலை செய்தோம். பின்பலகைக்குப் புது ப்ளைவுட், எல்லா விளிம்பிலும் மூன்று பூச்சு ரெசின். செம்பு கலந்த மருந்தில் ஊறிய மரம் வேண்டாம் என்று கடைக்காரரிடம் இரண்டு தடவை சொல்லி வாங்கினேன். தளர்ந்த ரிவெட்டுகளை ஒருவர் உள்ளே இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க, ஒருவர் வெளியே அடித்து இறுக்கினோம். ஏழாம் ஓட்டையைச் சுற்றி அரித்த தட்டை நல்ல உலோகம் வரும்வரை வெட்டி எடுத்து, மூலைகளை வட்டமாக்கி, அதே கனத்தில் புதுத் தட்டு வைத்து வெல்ட் செய்தேன். சிவப்புப் பிடி பிரஷ்தான். இருக்கைகளுக்கு அடியில் தண்ணீர் குடிக்காத புது நுரைக்கட்டை. பிறகு மறுபடி விளிம்புவரை நிரப்பி, கீழே படுத்தேன். பத்தொன்பது இடத்திலும் ஒரு நிமிடம். பத்தொன்பது பூஜ்யம். "காட்டு" என்றார் பத்மா அக்கா. பக்கத்தில் வந்து அவரும் மல்லாந்து படுத்தார், இஸ்திரிச் சட்டையோடு. பிறகு எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். வெட்டச் சொல்லவில்லை.

தாளை மட்டும் கடைசி நாள்வரை தள்ளிப்போட்டேன். ஒரே வரியில் அந்த அம்மாவை நிம்மதியாகத் தூங்க வைக்கலாம். 'மரத்தடியில் கிடந்தபோது மழைத்தண்ணீரால்' என்று எழுதினால் யாரும் மறுக்க முடியாது. பேனாவை இரண்டு தடவை அந்த வரிக்குக் கொண்டுபோனேன்.

ஏரிக்கு லாரியில் நானும் போனேன். எண்ணெய்ப்பனை வரிசைகளைத் தாண்டினால் திடீரென்று தண்ணீர், அசையாமல், பச்சையாக. படகை இறக்கியபோது கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து வந்து கை கொடுத்தார்கள். சரோஜா அக்கா ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டில் வேர்த்துக்கொண்டு நின்றார்.

"தகடு எங்கக்கா?" என்றேன். அதை மறுபடி படகில் அடிக்கச் சொல்வாரோ என்று பயம்.

ஜாக்கெட்டின் உள்பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். துணிப்பை ஒன்று தைத்து, தகட்டை அதற்குள் வைத்திருந்தார். "படகுல படாதுல்ல? இந்த ஜாக்கெட்டை மாட்டாம நான் தண்ணியில கால் வைக்கப் போறதில்ல. அவரு மாட்ட மாட்டாரு, வேர்க்குதும்பாரு."

தாளைக் கொடுத்தேன். அவர் மற்ற வரிகளை விட்டுவிட்டு நேராக ஏழுக்குப் போனார். நான் எழுதியிருந்தது இதுதான்: 'காரணம்: செம்பும் அலுமினியமும் சேர்ந்ததால் அரிப்பு. ஓட்டை எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. எண்ணியபோது பொடி அடைத்திருந்தது. 44 என்பது கால் நிமிட எண்ணிக்கையை (11) நாலால் பெருக்கியது. முழு நிமிடம் எண்ணப்படவில்லை.'

பொடி என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். மூன்று கிளாஸ் என்பது உறுதியில்லை என்றும் சொன்னேன். அந்த வரியை விரலால் மறுபடி தொட்டார்.

"எனக்கு வேணுங்கறதை எழுதியிருக்கலாம்ல?"

"எழுதியிருக்கலாம்கா."

"எழுதலையே."

"இல்லக்கா."

தாளை நாலாக மடித்து, தகடு இருந்த பைக்குள்ளேயே செருகினார். "அதனாலதான் இதுல ஏர்றேன்" என்றார். "பிடி கையை."

நடு ஏரிக்கு நான்தான் துடுப்புப் போட்டேன். அவர் இரண்டு விளிம்பையும் இறுக்கிப் பிடித்தபடி நடு இருக்கையில், அந்த இடத்துக்கு நேர் மேலே உட்கார்ந்திருந்தார். கரையில் பேசுவது கேட்காத தூரம் வந்ததும், "நிறுத்து" என்றார். "எண்ணு."

துடுப்பை உள்ளே வைத்தேன். குனிந்து, அவர் காலடியில் புதுத் தட்டின் வெல்ட் கோட்டின் மேல் வலது கை விரல்களை வைத்தேன். அப்போது அவற்றுக்கு ஈரம் தெரியும். இடது கைக் கடிகாரத்தில் விநாடி முள் பன்னிரண்டைத் தொடக் காத்திருந்து தொடங்கினேன். பதினைந்து. முப்பது. அவர் மூச்சு விடுவது கேட்டது. நாற்பது, நாற்பத்து நான்கு. எங்கேயோ ஒரு மீன் துள்ளியது, நான் திரும்பவில்லை. ஐம்பத்தொன்பது. அறுபது.

"ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

அவர் விளிம்பிலிருந்து கைகளை எடுத்து, தூண்டில் பெட்டியைத் திறந்தார்.